சி டிரைவ் ஃபுல்லா? புது கம்ப்யூட்டர் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



இந்தப் பதிவுல ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் எதுவும் இல்லை. வீட்டுல இருக்கற கம்ப்யூட்டருக்குக் கூடுதலா ஒரு ஹார்ட் டிஸ்க் போடறதைப் பத்திப் பேசப் போறோம். "இதுக்கும் பர்சனல் ஃபைனான்ஸுக்கும் என்ன சம்பந்தம்?"னு நீங்க கேக்கலாம். 6,000 ரூபாய்ல முடிஞ்சிருக்க வேண்டிய வேலைக்கு எங்க குடும்பத்துல 44,000 ரூபாய் செலவாச்சு. அதுல பாதித் தப்பு என்னோடது. அதனாலதான் இந்தப் பதிவு.

என் அக்கா வீடு ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளியில இருக்கு. மச்சான் சிப்காட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் பண்ணிக் கொடுக்கறவர். ரெண்டு லேத், ஒரு விஎம்சி மெஷின், நாலு ஆளுங்க, அவ்வளவுதான் தொழில். ஆபீஸ்னு தனியா கிடையாது, வீட்டு ஹால்ல இருக்கற கம்ப்யூட்டர்தான் ஆபீஸ். டிராயிங், மெஷின் புரோகிராம், பில், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் அதுலதான். பிள்ளைங்க போட்டோ, கல்யாண வீடியோவும் அதே டிஸ்க்லதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணினார். "மாப்ள, சி டிரைவ் செவப்பு கலர்ல காட்டுது. ஒரு டிராயிங் ஓப்பன் ஆக அஞ்சு நிமிஷம் ஆகுது. கடையில கேட்டா புது சிஸ்டமே வாங்கிடுங்க, 48,000 ஆகும்னு சொல்றாங்க. என்ன பண்ணலாம்?"

"அவ்வளவு எதுக்கு மச்சான்? 2 டிபி டிஸ்க் ஒண்ணு போட்டா 6,000ல முடிஞ்சிடும்"னு சொன்னேன். அவரும் போட்டார். 42,000 மிச்சம்னு ரெண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்.

அப்புறம் என்ன ஆச்சுன்னு கீழே சொல்றேன். முதல்ல, நீங்க அதே நிலைமையில இருந்தா என்ன செய்யணும்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் படி: செலவே இல்லாத இடம்

வீடு கட்டறதுக்கு முன்னாடி பரண்ல இருக்கற பழைய சாமானை எடுத்துப் போடற மாதிரிதான் இது. விண்டோஸ்ல செட்டிங்ஸ் போய் சிஸ்டம், அதுக்குள்ள ஸ்டோரேஜ் ஓப்பன் பண்ணுங்க. எந்த வகை ஃபைல் எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு அதுவே காட்டும். டெம்பரரி ஃபைல்ஸ், ரீசைக்கிள் பின், பழைய விண்டோஸ் அப்டேட் விட்டுட்டுப் போன ஃபைல்கள் இதையெல்லாம் அங்கேயே அழிச்சிடலாம். அந்த லிஸ்ட்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். அதை மட்டும் கண்ணை மூடிட்டு டிக் பண்ணாதீங்க, உங்களுக்கு வேணுங்கற பில்லும் அதுலதான் கிடக்கும்.

போன்ல இருந்து ஏத்தின வாட்ஸப் ஃபோல்டரைத் தனியா பாருங்க. ஒரே குட் மார்னிங் வீடியோ நாலு குரூப்ல வந்து நாலு தடவை உக்காந்திருக்கும். ஒரு மணி நேரம் உக்காந்தா பல பேருக்கு இந்த ஒரு வேலையிலேயே பிரச்சனை தீர்ந்துடும்.

சி டிரைவ்ல எப்பவும் 10லேர்ந்து 20 சதவீதம் காலியா இருக்கட்டும். கெலவரப்பள்ளி அணையையே பாருங்க. மொத்த உயரம் 44.28 அடி. ஆனா மேலே கர்நாடகாவுல மழை பெஞ்சு தண்ணி வரத்து கூடும்போது விளிம்பு வரைக்கும் விட்டு வைக்க மாட்டாங்க, முன்கூட்டியே தென்பெண்ணையில திறந்து விட்டுடுவாங்க. கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். அப்டேட் வரும்போதும், பெரிய ஃபைல் ஓடும்போதும் அதுக்கு உள்ளே கொஞ்சம் காலி இடம் தேவை.

ரெண்டாவது படி: உங்களுக்கு வேண்டியது இடமா, வேகமா?

இங்கதான் நிறைய பேர் பணத்தைத் தப்பா போடறாங்க. இடம் பத்தலைங்கறது ஒரு பிரச்சனை, கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதுங்கறது வேற பிரச்சனை.

ஹார்ட் டிஸ்க்னா உள்ளே தட்டு சுத்தும். நொடிக்குச் சுமார் 150லேர்ந்து 200 எம்பி வரைக்கும் படிக்கும். சாட்டா எஸ்எஸ்டியில சுத்தற பாகமே கிடையாது, நொடிக்கு 500 எம்பிக்கு மேல போகும். மதர்போர்டுல நேரா செருகற என்விஎம்இ எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு வேகம்.

அதனால கணக்கு இதுதான். விண்டோஸும் தினமும் ஓட்டற சாஃப்ட்வேரும் சின்ன எஸ்எஸ்டியில இருக்கட்டும், 256 அல்லது 512 ஜிபி போதும். போட்டோ, வீடியோ, பழைய பில், முடிஞ்சு போன வேலை டிராயிங் எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும். ஒரு டிபிக்கு எவ்வளவு ரூபாய்னு பார்த்தா ஹார்ட் டிஸ்க்தான் மலிவு. வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கற கல்யாண வீடியோவுக்கு என்விஎம்இ வேகம் எதுக்கு?

ஏற்கனவே எஸ்எஸ்டி இருக்கா இல்லையான்னு தெரியலைன்னா டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்க. டிஸ்க் பேருக்குக் கீழேயே எழுதியிருக்கும்.

மூணாவது படி: கடைக்குப் போறதுக்கு முன்னாடி சிபியுவைத் திறந்து பாருங்க

ஸ்விட்சை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கிட்டு, பக்கத்து மூடியைக் கழட்டுங்க. மூணு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, மதர்போர்டுல காலியா சாட்டா போர்ட் இருக்கா? ரெண்டு, எஸ்எம்பிஎஸ்லேர்ந்து வர்ற வயர்ல சாட்டா பவர் கனெக்டர் ஒண்ணு மிச்சம் இருக்கா? மூணு, 3.5 இன்ச் டிஸ்க் உக்கார்றதுக்கு கேபினெட்ல இடம் இருக்கா? மூணையும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. கடையில அதைக் காட்டினா தப்பான பொருளைத் தலையில கட்ட முடியாது.

சாட்டா டேட்டா கேபிள் பல சமயம் டிஸ்க் கூட வராது, தனியா வாங்கணும். எம்.2 ஸ்லாட் இருந்தா இன்னும் ஒரு ஜாக்கிரதை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அதுல சாட்டா வகை உண்டு, என்விஎம்இ வகை உண்டு. உங்க மதர்போர்டு மாடல் பேரைப் போட்டு எது எடுக்கும்னு பார்த்துட்டுப் போங்க.

லேப்டாப் வச்சிருக்கவங்களுக்கு ரெண்டாவது டிஸ்க் போட உள்ளே இடம் இருக்கறது அபூர்வம். அவங்களுக்கு யுஎஸ்பி 3.0ல செருகற வெளி டிஸ்க்தான் சுலபம்.

நாலாவது படி: எவ்வளவு பெருசு, என்ன விலை?

1 டிபி வாங்கினா விண்டோஸ்ல 931 ஜிபிதான் காட்டும். கடைக்காரர் ஏமாத்தலை. கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1,024 ஆ எண்ணுது, அவ்வளவுதான்.

போன ஒரு வருஷத்துல உங்க ஃபைல் எவ்வளவு கூடியிருக்குன்னு பாருங்க. அதை நாலால பெருக்குங்க, இப்ப இருக்கறதையும் கூட்டுங்க. அதுக்கு அடுத்த சைஸ் வாங்குங்க. "பின்னாடி உதவும்"னு 8 டிபி வாங்கி வைக்கறது, ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு அஞ்சு பெட்ரூம் ஈஎம்ஐ கட்டற மாதிரி.

அதே சமயம் "அடுத்த மாசம் விலை இறங்கும்"னு காத்திருக்கறதும் எப்பவும் பலிக்காது. 2011ல தாய்லாந்துல பெரிய வெள்ளம் வந்துச்சு. உலகத்துக்கு ஹார்ட் டிஸ்க் செஞ்சு அனுப்பற தொழிற்சாலைகள் தண்ணியில மூழ்கினதால எல்லா நாட்டுலயும் விலை எகிறி, பழைய நிலைக்கு வர ரொம்ப நாள் ஆச்சு. 2025 கடைசியில வேற காரணம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிட்டுப் போனதால ரேம், எஸ்எஸ்டி விலை ஏற ஆரம்பிச்சது. அந்த டிசம்பர்ல மைக்ரான் கம்பெனி, சில்லறை வியாபாரத்துல பிரபலமான தன்னோட குரூஷியல் பிராண்டையே நிறுத்தப் போறதா அறிவிச்சது. அதனால தேவை வந்தா வாங்குங்க, ஆசைக்கு வாங்காதீங்க.

அஞ்சாவது படி: ஓசூரா, பெங்களூரு எஸ்.பி. ரோடா?

நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்தக் கேள்வி எப்பவும் உண்டு. அத்திப்பள்ளி தாண்டினா பெங்களூரு, அங்க எஸ்.பி. ரோட்டுல எல்லாம் மலிவுன்னு ஒரு நம்பிக்கை. டிஸ்க்ல 400 ரூபாய் குறையுதுன்னே வச்சுக்குவோம். கார்ல போய் வர சுமார் 90 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கற வண்டிக்கு 6 லிட்டர், 100 ரூபாய்னு போட்டாலும் 600 ரூபாய். டோல் தனி, அரை நாள் தனி. வேற வேலையா போகும்போது வாங்கினா லாபம், இதுக்குன்னே போனா நஷ்டம்.

தொழில் பண்றவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். ஹார்ட் டிஸ்க்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், எந்த மாநிலத்துல வாங்கினாலும் அதேதான். ஆனா கர்நாடகா கடையில அந்த மாநில எஸ்ஜிஎஸ்டி போட்டு பில் கொடுத்தா, தமிழ்நாட்டுப் பதிவு வச்சிருக்கற உங்களால அந்த வரியை இன்புட் கிரெடிட்டா எடுக்க முடியாது. 6,000 ரூபாய் பில்லுல சுமார் 915 ரூபாய் வரி. மிச்சம் பண்ணின 400 எங்க போச்சுன்னு பாருங்க.

எங்க வாங்கினாலும் பில் கேளுங்க. சீரியல் நம்பரை அந்தக் கம்பெனி வெப்சைட்டுல போட்டு வாரண்டி இந்தியாவுல செல்லுமான்னு கடையிலேயே பாருங்க. சாதாரண வீட்டு டிஸ்க்குக்கு ரெண்டு வருஷம், 24 மணி நேரமும் ஓடற வகைக்கு மூணு வருஷம், பெரிய சர்வர் வகைக்கு அஞ்சு வருஷம்ங்கறது வழக்கம். ரொம்ப மலிவா கிடைக்கற சர்வர் டிஸ்க்னா சந்தேகப்படுங்க. 2025 தொடக்கத்துல, ஏற்கனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடின டிஸ்க்கைப் புதுசுன்னு வித்த விவகாரம் ஜெர்மனியில வெளியே வந்து பெருசாச்சு. வாங்கின உடனே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற இலவச சாஃப்ட்வேர்ல பவர் ஆன் ஹவர்ஸ் பாருங்க. புது டிஸ்க்னா பூஜ்யம் அல்லது ரொம்பச் சின்ன எண்தான் இருக்கணும். அந்த எண்ணையும் அழிச்சு ஏமாத்தறவங்க உண்டுங்கறதால பில்லும் வாரண்டியும்தான் கடைசிப் பாதுகாப்பு.

ஆறாவது படி: மாட்டறது எப்படி?

பிளக்கைப் பிடுங்கின பிறகு கேபினெட் இரும்புல கையை ஒரு தடவை வைங்க, உடம்புல இருக்கற மின்சாரம் இறங்கிடும். டிஸ்க்கை ஸ்குரூ போட்டு அசையாம மாட்டுங்க. டேட்டா கேபிள் ஒரு முனை மதர்போர்டுல, இன்னொரு முனை டிஸ்க்ல. பவர் கனெக்டரை எல் மாதிரி இருக்கற பள்ளம் பார்த்துச் செருகுங்க, தலைகீழா அழுத்தாதீங்க.

கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா புது டிஸ்க் உடனே தெரியாது. பயப்படாதீங்க. ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்க. எம்பிஆரா, ஜிபிடியான்னு கேக்கும். ஜிபிடி கொடுங்க, எம்பிஆர் 2 டிபிக்கு மேல எடுக்காது. அப்புறம் கருப்புப் பட்டையில ரைட் கிளிக் பண்ணி நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், ஒரு எழுத்து. முடிஞ்சது. கருப்புப் பட்டை இருக்கற புது டிஸ்க்கைத்தான் தொடறீங்களான்னு சைஸ் பார்த்து ரெண்டு தடவை உறுதி பண்ணிக்கோங்க. பழைய டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணிட்டு அழுதவங்க நிறைய பேர்.

இந்த வேலைக்கு டெக்னீஷியன் தேவையில்லை. பயமா இருந்தா கூப்பிடுங்க, ஆனா பக்கத்துல உக்காந்து பாருங்க.

இப்ப மச்சான் கதைக்கு வருவோம்

மச்சான் டிஸ்க்கை மாட்டினார். பழைய டிஸ்க்லேர்ந்து டிராயிங், பில், போட்டோ, வீடியோ எல்லாத்தையும் கட் பண்ணி புது டிஸ்க்ல பேஸ்ட் பண்ணினார். சி டிரைவ் நீலமாச்சு. கம்ப்யூட்டர் வேகமாச்சு. எட்டு மாசம் ஒரு குறையும் இல்லை.

ஒன்பதாவது மாசம் ஒரு காலையில டிஸ்க்லேர்ந்து டிக், டிக்னு ஒரு சத்தம். அன்னிக்குச் சாயங்காலம் டிஸ்க்கே காட்டலை. வாரண்டி இருந்துச்சு, கம்பெனி புது டிஸ்க் கொடுக்கத் தயார். ஆனா வாரண்டி கார்டை நல்லா படிச்சுப் பாருங்க. அது டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருந்த ஃபைலுக்கு இல்லை. பழசைக் கொடுத்தாத்தான் புதுசு. பழசுக்குள்ளதான் எல்லாம் இருக்கு.

அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "மாமா கடைசிப் பொங்கலுக்குப் பேசின வீடியோ அதுலதான்டா இருந்துச்சு. வேற எங்கயும் இல்லையா?" மச்சானோட அப்பா இறந்து ரெண்டு வருஷம் ஆகுது. வேற எங்கயும் இல்லை.

பெங்களூருல டேட்டா ரெக்கவரி பண்ற இடத்துல கொடுத்தோம். 32,000 ரூபாய். மூணுல ரெண்டு பங்குதான் வந்துச்சு. பொங்கல் வீடியோ வந்துச்சு. பல மெஷின் புரோகிராம் வரலை, மச்சான் ரெண்டு மாசம் ராத்திரி உக்காந்து திரும்ப எழுதினார். வாரண்டிக்குப் பழைய டிஸ்க்கைக் கொடுக்கலை, மிச்சம் இருக்கறதும் ஒருநாள் வருமோன்னு வச்சிருக்கார்.

கூட்டிப் பாருங்க. முதல் டிஸ்க் 6,000, ரெக்கவரி 32,000, திரும்ப வாங்கின டிஸ்க் 6,000. மொத்தம் 44,000. மிச்சம் பண்ணினோம்னு சொன்ன 42,000ஐ விட அதிகம்.

டிஸ்க் போடச் சொன்னது சரியான யோசனைதான். ஆனா நான் பாதி யோசனைதான் சொன்னேன். "கட் பண்ணாதீங்க மச்சான், காப்பி பண்ணுங்க. ஒரு காப்பி வேற டிஸ்க்ல இருக்கட்டும்"ங்கற அடுத்த வாக்கியத்தைச் சொல்லலை.

இடம் வேற, சேமிப்பு வேற

இன்னொரு பேங்க்ல அக்கவுண்ட் திறந்து, இருக்கற பணம் எல்லாத்தையும் அங்க மாத்தினா உங்க சேமிப்பு கூடிடுமா? கூடாது, இடம்தான் மாறியிருக்கு. டிஸ்க்கும் அப்படித்தான். ஒரே ஒரு இடத்துல இருக்கற ஃபைல், சேமிச்ச ஃபைல் இல்லை.

நம்ம மாவட்டத்துலயே பார்த்தோமே. 2017 நவம்பர் கடைசியில கிருஷ்ணகிரி அணையில ஒரு ஷட்டர் உடைஞ்சது. மாசக்கணக்கா தேக்கி வச்ச தண்ணி ஆத்தோட போச்சு. அணை பெருசா, சின்னதாங்கறது அன்னிக்கு உதவலை.

"டிஸ்க் அவ்வளவு சீக்கிரம் போகுமா?"னு கேப்பீங்க. பேக்பிளேஸ்ங்கற அமெரிக்க கம்பெனி, தான் ஓட்டற லட்சக்கணக்கான டிஸ்க்ல எத்தனை கெட்டுப் போகுதுன்னு 2013லேர்ந்து வெளியிட்டுட்டு வருது. சமீப வருஷங்கள்ல அது ஆண்டுக்கு 1லேர்ந்து 2 சதவீதத்துக்குள்ள. ஏசி போட்ட டேட்டா சென்டர்லயே இந்தக் கணக்கு. நம்ம வீட்டுல தூசி, சூடு, அடிக்கடி போற கரண்ட் எல்லாம் இருக்கு.

2 சதவீதம் கம்மிதானேன்னு தோணும். ஆரோக்கியமா இருக்கற 30 வயசுக்காரர் ஒரு வருஷத்துக்குள்ள இறக்கற வாய்ப்பு இதைவிட ரொம்பக் குறைவு. ஆனாலும் டெர்ம் இன்சூரன்ஸ் எடுங்கன்னு இந்தச் சேனல்ல ஒவ்வொரு தடவையும் சொல்றோம். நடக்கற வாய்ப்பு சின்னதா இருந்தாலும், நடந்தா தாங்க முடியாதுங்கறதாலதான். ரெண்டாவது டிஸ்க்தான் உங்க ஃபைலுக்கு டெர்ம் பாலிசி.

சரியான கணக்கு

போட்டோகிராபர்கள் கிட்ட இருந்து வந்த ஒரு விதி இருக்கு, பேரு 3-2-1. மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனம், ஒண்ணு வீட்டுக்கு வெளியே. நம்ம வீட்டுக்கு இதை இப்படிப் போடலாம். விலையெல்லாம் கணக்குக்காகத்தான், நீங்க வாங்கற அன்னிக்கு இருக்கற விலையை வச்சு மாத்திக்கோங்க.

உள்ளே மாட்டற 2 டிபி டிஸ்க் 6,000. காப்பி எடுக்க வெளி டிஸ்க் 2 டிபி 6,000. ரொம்ப முக்கியமான ஃபைலுக்கு மட்டும் 100 ஜிபி கிளவுட், மாசம் 130. நாலு வருஷத்துக்கு 12,000 கூட்டல் 6,240, மொத்தம் 18,240. மாசத்துக்கு 380 ரூபாய்.

எல்லாத்தையும் கிளவுட்லயே வைக்கலாமேன்னா, 2 டிபிக்கு மாசம் 650னு வச்சா நாலு வருஷத்துக்கு 31,200. கட்டறதை நிறுத்தினா இடமும் போயிடும். கூகுள் போட்டோஸ்ல எல்லையில்லாம இலவசமா ஏத்தினோம், 2021 ஜூன் 1லேர்ந்து அது நின்னு போச்சு. இப்ப ஜிமெயிலையும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம்.

வெளி டிஸ்க்கை எப்பவும் செருகியே வைக்காதீங்க. வைரஸ் வந்தாலும், இடி இறங்கினாலும் ரெண்டும் சேர்ந்து போயிடும். ஞாயித்துக்கிழமை செருகி, காப்பி எடுத்து, கழட்டி பீரோவுல வைங்க. மாசம் ஒரு தடவை அதுலேர்ந்து நாலு ஃபைலைத் திறந்து பாருங்க. திறக்காத காப்பி, காப்பி இல்லை.

தொழில் பண்றவங்களுக்கு இது விருப்பம் இல்லை, கடமை. ஜிஎஸ்டி சட்டப்படி அந்தந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி தேதியிலேர்ந்து 72 மாசம் கணக்கு வழக்கை வச்சிருக்கணும். ஆபீஸர் கேட்டா "டிஸ்க் போயிடுச்சு சார்"னு சொல்ல முடியாது. டிஸ்க் தொழிலுக்கு வாங்கினதுன்னா பில்லை ஆடிட்டர்கிட்ட கொடுங்க. கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு, அதுல இது சேருமான்னு அவர் பார்த்துச் சொல்வார்.

புது கம்ப்யூட்டர் எப்ப வாங்கலாம்? விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு. உங்க மெஷின் விண்டோஸ் 11 எடுக்காதுன்னா அதைப் பத்தி யோசிக்கறது நியாயம். அப்பவும் இன்னிக்கு வாங்கற டிஸ்க் வீணாகாது, கழட்டிப் புதுசுல மாட்டிக்கலாம்.

கடைசியா, டிஸ்க் வாங்கறதுக்குக் கூட காத்திருக்க வேண்டாம், இன்னிக்கு ராத்திரியே ஒரு வேலை பண்ணுங்க. போனா திரும்ப வராத ஃபைல் எதுன்னு வீட்டுல எல்லாரையும் கேட்டு பத்து பேர் எழுதுங்க. அந்தப் பத்தும் எத்தனை இடத்துல இருக்குன்னு பாருங்க. ஒரே இடம்னா, கையில இருக்கற பென் டிரைவ்லயாவது இப்பவே ஒரு காப்பி போடுங்க.

மச்சான் வீட்டுல இப்ப ஞாயித்துக்கிழமை காலையில காப்பி எடுக்கறது அக்காவோட வேலை. அந்த வெளி டிஸ்க் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா. "கட் பண்ணாதே, காப்பி பண்ணு." நான் சொல்ல மறந்த வாக்கியம் அது.